சிவப்பா மஞ்சளா: ஒரு ஓட்டு குறைந்த கதை

ஐயா, உங்கள் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஆனால் ஆம்பூரில் என் பட்டறைப் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு நீங்கள்தான் காரணம்.

செருப்புத் தொழிலில் தோல் விலை கழுத்தைப் பிடிக்கும், கப்பல் தாமதம் காலைப் பிடிக்கும். ஓட்டுப் பெட்டியும் வந்து பிடிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆர்டர் பிடித்துப் பிழைக்கும் சக பாவிகளே, நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள்.

நிறம் அப்புறம்

கரீபியன் கடலில் ஒரு குட்டி நாடு. அங்கே செருப்புக் கடை வைத்திருக்கும் ஒருவர் எனக்குப் புது வாடிக்கையாளர். தேர்தல் முடிந்ததும் ஜெயித்த கட்சிக்காரர்கள் தலை முதல் கால் வரை கட்சி நிறத்தில் ஊர்வலம் போய் ஆடுவார்களாம். அந்தக் காலுக்குத்தான் செருப்பு.

என் ஃபேக்டரி இங்கிலீஷும் அவருடைய தீவு இங்கிலீஷும் மோதிக்கொண்டதைத் தமிழில் சொல்கிறேன். விலைக்கு நான் கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கலர் என்ன என்று கேட்டேன். "சிவப்பு, இல்லன்னா மஞ்சள். ரெண்டு கட்சிக்கும் சரியான போட்டி. ஜனங்க ஓட்டுப் போட்டுச் சொல்லுவாங்க, மேடம்."

பாயின் தீர்ப்பு

சாயம் போடாத தோல் வந்து இறங்கியது. காத்திருக்க எனக்குப் பொறுமை ஏது? ஹெல்பராகச் சேர்ந்து பசை தடவியவள் நான். பொறுமையாக இருந்திருந்தால் இன்னும் பசைதான் தடவிக்கொண்டிருப்பேன். சாயம் போடும் இஸ்மாயில் பாயிடம் போய், "சிவப்புதான் ஜெயிக்கும், போட்டுடுங்க பாய்" என்றேன்.

அவர் சுற்றுகிற டிரம்மை நிறுத்தக்கூட இல்லை. "மஞ்சள் மேல சிவப்பு ஏறும். சிவப்பு மேல மஞ்சள் ஏறாது. தப்பாப் போச்சுன்னா கறுப்புல முக்கறதைத் தவிர வேற வழியில்ல. உன் அவசரத்துக்கு என் டிரம்ல கலர் இல்லம்மா."

என் சாமர்த்தியம்

மஞ்சள் மேல் சிவப்பு ஏறும் என்றாரே, அது போதாதா எனக்கு? எல்லாவற்றையும் முதலில் மஞ்சளாக்குவோம். சிவப்பு ஜெயித்தால் மறுபடி முக்குவோம்! ஒரு துண்டில் செய்து பார்க்கச் சொன்னேன். "சாயம் கம்மியாப் போடுங்க பாய்" என்று பேரமும் பேசினேன். செங்கல்லும் இல்லாமல் ஆரஞ்சும் இல்லாமல் ஒரு நிறம் வந்தது. என் கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன்.

உடனே போன் அலறியது. "ஐயோ மேடம், இது எல்லாத் தேர்தல்லயும் டெபாசிட் போற மூணாவது கட்சியோட கலர்!"

எண்ணினார்கள், எண்ணினார்கள்

தேர்தல் முடிவு வந்தது. அதற்குள் என் தையல் வரிசைப் பெண்களில் பாதிப் பேர் சிவப்புக் கட்சி, பாதிப் பேர் மஞ்சள் கட்சி. சாப்பாட்டு நேரத்தில் சண்டை வேறு. இரண்டு கட்சிக்கும் சரிசமமான இடங்கள். மிச்சம் ஒரே ஒரு தொகுதி. அங்கே எத்தனை முறை எண்ணினாலும் இரண்டு கட்சி வேட்பாளருக்கும் சமமான ஓட்டு. மறுபடி தேர்தல் நடத்தித்தான் தீர வேண்டும் என்றார்கள்.

இந்த சீசனுக்கு எனக்கு வந்த ஆர்டரே இதுதான். தைத்தால்தான் பெண்களுக்குக் கூலி. துணி போர்த்திய மிஷின்களைப் பார்த்தபடி சூப்பர்வைசர் மேரி சொன்னாள்: "ஜெபம் பண்ணலாம்தான்க்கா. கர்த்தர் இன்னா கலர்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

அந்த ஒரு ஆள்

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "உங்க ஊர்ல எவனோ ஒருத்தன் ஓட்டுப் போடாம வீட்ல குந்திக்கினு இருந்திருக்கான். அவன் மட்டும் என் கையில கிடைச்சா..." என்று ஆரம்பித்து, பஜாரில் கற்றுக்கொண்டதை எல்லாம் இங்கிலீஷில் இறக்கினேன். விலை பேசும்போது சிரித்த மனுஷன் இப்போது இருமினார்.

"உங்களுக்கு எந்தத் தொகுதி?" என்றேன். அதே தொகுதி. "ஓட்டுப் போட்டீங்களா?"

"ரெண்டு கட்சிக்காரங்களும் என் கடைக்கு வர்றவங்க. வரிசையில நின்னா எந்தப் பக்கம்னு கேப்பாங்க. அதான் கடையிலயே இருந்துட்டேன், மேடம்."

ஆகவே ஐயா, செருப்பு விற்கிறவருக்குக் கட்சி வேண்டாம் என்பது சரிதான், ஆனால் மறுதேர்தல் அன்று கடையைச் சாத்திவிட்டுப் போய், சிவப்போ மஞ்சளோ, ஏதாவது ஒன்றில் குத்திவிட்டு வாருங்கள், எங்கள் பெண்கள் மிஷினில் உட்கார வேண்டும்.