கூடத்துக்கு வந்த கட்டில்

பெரியப்பாவைச் சிதம்பரம் ஆஸ்பத்திரியிலிருந்து முதுநகர் வீட்டுக்குக் கூட்டிவந்தபோது நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதை அப்பாவும் பெரியம்மாவும் அவரிடம் மறைத்தார்கள். அந்த மறைப்பில் எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் படுத்திருந்த பின்னறை வாசலில் நின்று, பெரியப்பா இன்றைக்கு நன்றாக இருக்கிறார் என்று அவர் காதுபடச் சொல்ல வேண்டும். காரணம் தெரியாமலே ஒழுங்காகச் சொல்லிவந்தேன்.

துறைமுகத்தில் படகு இன்ஜின்களைக் கழற்றி மாட்டிய கைகள் அவருடையவை. இப்போது வாய்க்கு வரும் கஞ்சி டம்ளரைத் தள்ளக்கூட அவற்றில் தெம்பில்லை. பெரியம்மா புகட்டுவார், அவர் வாந்தி எடுப்பார், கொஞ்ச நேரத்தில் அடுத்த டம்ளர் வரும். சாப்பிட்டால் எழுந்துவிடுவார் என்று பெரியம்மா நம்பினார்.

அப்போதுதான் டாக்டர் சொல்லி, சிதம்பரத்திலிருந்து சிஸ்டர் வர ஆரம்பித்தார். முன்பு நர்ஸாக இருந்தவர். சாகப்போகிறவர்களின் வீட்டுக்குப் போய் அவர்களுக்கும் வீட்டாருக்கும் துணையாக இருப்பதையே பிறகு வேலையாக்கிக்கொண்டவர். இது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு என் கணக்கில் அவர் பெரியப்பாவைக் குணமாக்க வந்தவர். ஆனால் ஊசி போடாமல், உதட்டை ஈரப்பஞ்சால் துடைத்துவிட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவின் கையிலிருந்த டம்ளரை அவர் வாங்கிக் கீழே வைத்தார்.

"ஒடம்பே இனிமே சோறு கேக்கலக்கா. நீங்க குடுக்காததால ஒண்ணும் ஆயிடாது. பக்கத்துல ஒக்காருங்க, அது போதும்."

கணவர் காதில் விழுந்துவிடுமே என்று பெரியம்மா பதறினார். கட்டிலிலிருந்து பெரியப்பாவே பேசினார்.

"எனக்குத் தெரியும்டி. ஆஸ்பத்திரிலயே தெரியும். நீங்கள்லாம் தாங்க மாட்டீங்கன்னுதான் சொல்லல."

பெரியம்மா அழுதார், அப்பாவும் அழுதார். ஓய்ந்ததும், உங்களுக்கு என்ன வேண்டும் என்று சிஸ்டர் பெரியப்பாவிடம் கேட்டார். பின்னறையில் தனியாகக் கிடக்கப் பிடிக்கவில்லை, கூடத்தில் எல்லாரோடும் கிரிக்கெட் பார்க்க வேண்டும் என்றார். அழுத முகத்தோடு அப்பா சிரித்துவிட்டார்.

கட்டில் கூடத்துக்கு வந்தது. மேட்சுக்கும் பெரியம்மாவின் சீரியலுக்கும் ரிமோட் சண்டை நடந்தது. குறிஞ்சிப்பாடியிலிருந்து பெரியப்பாவின் மச்சான் வந்து பழைய கதைகள் பேசிச் சிரிக்கவைத்தார். மூச்சு எப்படியெல்லாம் மாறும், அப்போது என்ன செய்யலாம் என்று சிஸ்டர் பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தார். நான் கட்டிலோரத்தில் வீட்டுப்பாடம் எழுதினேன். வீடு இவ்வளவு கலகலப்பாகிவிட்டதால், பெரியப்பா பிழைத்துக்கொண்டார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லியும்விட்டேன்.

ஒரு நாள் காலை அவருக்கு மூச்சு விட்டு விட்டு வந்தது. யாரும் ஆம்புலன்ஸுக்கு ஓடவில்லை. பெரியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாம போங்க. நாங்க பாத்துக்கறோம்" என்றார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அமைதியாகிவிட்டது.

காரியம் முடிந்த பிறகு சிஸ்டர் ஒருமுறை வந்தார். பெரியம்மா வஞ்சிரம் வறுத்து விருந்து வைத்தார். பஸ் ஏற்றிவிட என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பஸ் கிளம்பும்வரை சிஸ்டரின் கையை விடவில்லை. எனக்குக் கோபமாக வந்தது. பெரியப்பாவைக் காப்பாற்றாதவருக்கு ஏன் இவ்வளவு உபசாரம் என்று திரும்பும் வழியிலேயே கேட்டேன். நெடுநாள் கழித்து நன்றாகத் தூங்கி எழுந்தவர் போல, பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக நடந்தார். நான்தான் அவர் பதில் சொல்ல மறந்துவிட்டாரோ என்று நினைத்து, அதே கேள்வியை வீடு வரைக்கும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தேன்.