நாகலக்ஷ்மி அக்காவும் சைலன்ஸர் தண்ணீரும்

வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜினை ஓடவிட்டு, புடவையை முழங்காலுக்கிடையில் செருகிக்கொண்டு, நாகலக்ஷ்மி அக்கா காருக்குப் பின்னால் குந்தியிருக்கிறார். கையில் ஐஸ்கிரீம் வந்த பிளாஸ்டிக் டப்பா. சைலன்ஸர் குழாயின் நுனியிலிருந்து அதில் தண்ணீர் சொட்டுகிறது. கொஞ்சம் சேர்ந்ததும் மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறார். விரலால் தொட்டு வெளிச்சத்தில் பார்க்கிறார். பிறகு என்னை நிமிர்ந்து பார்க்கிறார்.

"ஜீவிதா, இதுல சேத்து வாசனை வருதா, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதா?"

எனக்குப் புகை வாசனைதான் வரும். சொன்னால் நம்பமாட்டார் என்பதால் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொள்வேன். இது எங்கள் காலை வழிபாடு.

சேலையூரில் ஒரே கட்டடத்தில் அக்கா கீழ் வீடு, நான் மேல் வீடு. படப்பை பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி அலுவலகத்தில் அவர் கண்காணிப்பாளர். போகிற வழியில் முடிச்சூரில் ஜஹீராவை ஏற்றிக்கொள்வார். அவர் அதே கல்லூரியில் நூலகர், அக்காவுக்கு வெகுநாள் தோழி. எனக்கு மண்ணிவாக்கத்தில் ஓர் அச்சகத்தில் வேலை. அதுவரை எனக்கு ஓசிப் பயணம், கூடவே இரண்டு பேரின் ஊர்க்கதையும் இலவசம்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர் அக்கா. இண்டிகேட்டர் போட்டால் மட்டும் போதாது என்று, கண்ணாடியைப் பார்த்து "திரும்பப் போறேம்பா" என்று வாய்விட்டும் சொல்வார். ஹாரன் அடித்துவிட்டால் உடனே "சாரி" சொல்வார். பின்னால் வருகிற லாரிக்காரர் ஹாரன் அடித்தாலும் சாரி சொல்வதும் இவர்தான். அந்த லாரிக்காரருக்கு அது கேட்கவா போகிறது என்று ஒருநாள் கேட்டேன். "கேக்கலன்னா என்ன? நாம சொல்லிடணும்" என்றார்.

ஜஹீரா முன்சீட்டில் ஏறியதும் அவருடைய பெல்ட்டை இழுத்து மாட்டிவிடுவதும் அக்காதான். அந்தக் கொக்கி கொஞ்சம் அடம்பிடிக்கும். இரண்டு தரம் அழுத்த வேண்டும். 'டக்'கென்று சத்தம் வந்தால்தான் வண்டி நகரும்.

இந்தச் சிவப்பு வண்டியே ஜஹீரா வீட்டு வண்டிதான். அவர்கள் புதிது எடுக்க முடிவு செய்ததும் இதை அக்காவுக்குக் கொடுத்தார்கள். பக்கத்தில் உட்காரவே மாட்டேன் என்று அக்காவின் கணவர் ராகவேந்திரா மறுத்துவிட்ட நாட்களில், கல்லூரி மைதானத்தில் கூட உட்கார்ந்து ஓட்டப் பழக்கியவரும் ஜஹீராதான். பின் கண்ணாடியில் 'மாஷா அல்லாஹ்' ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. முன்னால் ஒரு குட்டிப் பிள்ளையார். "அது பின்னாடி பாத்துக்கட்டும், இவர் முன்னாடி பாத்துக்கட்டும்" என்பது அக்காவின் ஏற்பாடு.

எங்கள் பக்கம் பழைய வண்டி வாங்குகிற யாரும் முதலில் கேட்கும் கேள்வி, "வெள்ளத்துல நின்ன வண்டியா?" என்பதுதான். அடையாறு பெருகினால் முடிச்சூர் முழுகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் கால்மிதியைத் தூக்கி முகர்வார்கள், ஸ்டெப்னிக்கு அடியில் மண் இருக்கிறதா என்று விரல் விட்டுத் தடவுவார்கள். தோழியின் வண்டி என்பதால் அக்கா எதையும் கேட்கவில்லை, எங்கேயும் தடவவில்லை. பனிக்காலம் தொடங்கியதும் ஒரு காலையில் சைலன்ஸர் சொட்டுவதைப் பார்த்தார். போதாக்குறைக்கு அந்தத் தண்ணீர் கறுப்பாக வேறு இருந்தது. சரி, இது வெள்ளத்தில் முழுகின வண்டி, உள்ளே தங்கிய தண்ணீர்தான் இன்னும் வடிகிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

"வெள்ளம் வந்து வருஷக்கணக்காச்சே அக்கா, இன்னுமா உள்ளே இருக்கும்?"

"எங்க பாத்ரூம் சுவத்துல ஓதம் எத்தனை வருஷமா இருக்கு? போச்சா?"



ஊரெல்லாம் கேட்டார். "ஏசி தண்ணிம்மா அது" என்றார் ராகவேந்திரா, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் ஏசியே போடலயே! அதுவும் அது வண்டிக்கு அடியிலதானே சொட்டும்? இது குழாய்லேர்ந்து வருதே!" என்று அக்கா வாதாடினார். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார் யாரோ. முக்கு மெக்கானிக், "இன்னாக்கா, இத்தப் போயி பேஜார் பண்ணிகினு கீற? எல்லா வண்டிக்கும் காத்தால சொட்டும். சூடானா நின்னுபூடும்" என்றார். அவர் குனிந்துகூடப் பார்க்காமல் சொன்னதால் அந்தப் பதில் செல்லாது. சாயங்காலம் சொட்டுவதில்லை என்பதை அக்காவும் கவனித்திருந்தார். அதுவும் அவர் சந்தேகத்தைத்தான் வளர்த்தது. "காலையில வருது, சாயங்காலம் வரல. எனக்கு ஒண்ணுமே புரியல."

நானும் போனில் தேடிப் படித்துவிட்டுப் பெரிய ஆள் மாதிரி விளக்கினேன். பெட்ரோல் எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து நீராவியாகும். ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த குழாயில் அந்த ஆவி பட்டால், இட்லிப் பானை மூடியில் முத்து முத்தாகக் கோக்குமே, அப்படித் தண்ணீராகிச் சொட்டும். குழாயில் படிந்த கரியையும் சேர்த்து இழுத்து வருவதால் கறுப்பு. குழாய் சூடாகிவிட்டால் ஆவியாகவே வெளியே போய்விடும். அவ்வளவுதான்.

அக்கா பொறுமையாகக் கேட்டார். "இட்லிப் பானையில நாமளே தண்ணி ஊத்தறோம். இங்க யார் ஊத்தினா? நெருப்புலேர்ந்து எப்படிடி தண்ணி வரும்?" என்றார். உண்மையைச் சொன்னால், அந்த இடத்தில் எனக்கும் கொஞ்சம் குழம்பித்தான் போயிற்று.

கேட்க வேண்டிய ஒரே ஆளை மட்டும் அவர் கேட்கவில்லை. அக்காவின் சுபாவம் அது. புது ஃபிரிட்ஜ் நசுங்கி வந்தபோது, கடைக்காரரிடம் சொன்னால் சங்கடப்படுவார் என்று நசுங்கிய பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைத்துக்கொண்டவர். "கேட்டா தப்பா எடுத்துப்பாங்க" என்பது அவர் அடிக்கடி சொல்வது. ஆனால் ஃபிரிட்ஜைத் திருப்பி வைத்த மாதிரி தோழியைத் திருப்பி வைக்க முடியுமா?

வண்டிக்குள் பேச்சு குறைந்தது. ஊர்க்கதை நின்றது. ஒருநாள் ஜஹீரா ஏறி உட்கார்ந்தார், அக்கா பெல்ட் பக்கம் கையையே கொண்டுபோகவில்லை. ஜஹீரா கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டுத் தானே மாட்டிக்கொண்டார். மறுநாளும் அப்படித்தான். அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்து, "ஜீவிதா, நாகு ஏம்மா எங்கிட்ட பேச மாட்டேங்குறா? நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டார். சைலன்ஸர் சொட்டுகிறது என்று நான் எப்படிச் சொல்வேன்? எனக்கு அக்கா மேல் கோபம் கோபமாக வந்தது.

போன வாரம் ஒரு காலை, முடிச்சூரில் ஜஹீரா வீட்டு வாசலில் நின்றோம். அவர் கணவர் அயூப் புது வண்டியை அப்போதுதான் ஸ்டார்ட் செய்து பின்னால் எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் சைலன்ஸரிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

அக்கா இறங்கினார். டிக்கியைத் திறந்து ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்தார். நேரே போய்ப் புது வண்டிக்குப் பின்னால் குந்திவிட்டார்.

கண்ணாடியில் பார்த்த அயூப் பதறி பிரேக்கை மிதித்தார். "என்னக்கா? பூனை ஏதாச்சும் படுத்திருக்கா?"

"அயூப் பாய், இது புது வண்டிதானே?"

"போன மாசம் எடுத்ததுக்கா."

"இதுலயும் வருதே! கறுப்பாத்தான் வருது!" அக்காவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

சாப்பாட்டுப் பையோடு ஜஹீரா வெளியே வந்தார். "காலையில எல்லா வண்டிலயும்தான் வரும். பழைய வண்டிலயும் வருமே. அதுக்கு என்ன?" என்றவர், டப்பாவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "நீ என்ன நெனச்ச நாகு?"

அக்கா எழுந்து நின்றார். சந்தோஷம் எங்கேயோ போய்விட்டது. "இல்ல... வண்டி வெள்ளத்துல நின்னிருக்குமோன்னு..."

அயூப் இன்ஜினை அணைத்தார். ஜஹீரா கேட் தூணருகே போய், தன் நெஞ்சு உயரத்தில் ஓர் இடத்தில் கையை வைத்தார். மேலே பெயின்ட் அடித்தும் அங்கே ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது.

"தண்ணி இதுவரைக்கும் வந்துச்சு. பீரோ, கட்டில், என் கல்யாண ஆல்பம் எல்லாம் போச்சு. வண்டிய மட்டும் முந்தின நாளே இவங்க கொண்டுபோய் மேம்பாலத்து மேல நிறுத்திட்டாங்க. எங்க வீட்டுல நனையாத ஒரே சாமான் அதான் நாகு. அதைத்தான் உனக்குக் குடுத்தேன்."

"கேட்டா தப்பா எடுத்துப்பியோன்னு..."

"இப்ப மட்டும் எப்படி எடுத்துக்கறது?"

ஜஹீரா பின்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்சீட்டு காலியாக இருந்தது. வழியில் ஹாரன் அடித்த ஒருவரிடம் அக்கா சாரி சொன்னார். கோபம் இருந்த இடத்தில் இப்போது எனக்குப் பாவமாக இருந்தது, ஆனால் யாருக்காக என்று தெரியவில்லை.

என் நிறுத்தத்தில் வண்டி நின்றது. நான் இறங்கினேன். அக்காவும் இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து, முன்பக்கத்து இடது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது, அதற்குப் பின்னால் ஒரு பஸ் அடித்தது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை, சாரி சொல்லவில்லை.

ஜஹீரா இறங்கவில்லை. மடியிலிருந்த சாப்பாட்டுப் பையை எடுத்து, எட்டி முன்சீட்டில் வைத்தார்.

அக்கா குனிந்து, பெல்ட்டை இழுத்து, அந்தப் பையைச் சுற்றிக் கொண்டுவந்து, 'டக்'கென்று சத்தம் வரும்வரை இரண்டு தரம் அழுத்தினார்.