அம்மா தைத்த கிழிசல்

குன்னத்துகால் பக்கம் எங்கள் சபைக்கு ஒரு பழைய மிஷன் பங்களா உண்டு. நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது அதில் இரண்டு அறைகளை வெள்ளையடித்து, ‘முன்னோடிகள் காட்சியகம்’ என்று போர்டு மாட்டினார்கள். ஊரில் முதன்முதலாகச் சபையில் சேர்ந்த குடும்பங்களின் சாமான்களை அங்கே வைப்பதாக ஏற்பாடு. வந்து சேர்ந்தவையோ கால் உடைந்த நாற்காலி, துருப்பிடித்த அரிக்கேன் விளக்கு, தூக்கிப்போட மனசில்லாமல் யார் வீட்டுக் கொல்லையிலோ கிடந்த உரல். ஊரார் பரணைக் காலி செய்ய நல்ல வழி கிடைத்துவிட்டது என்று அம்மா சிரித்தாள்.

உருப்படியான சாமான் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் குடும்பத்துக் குப்பாயம். எங்கள் சாதிப் பெண்கள் மாரை மறைக்கக் கூடாது என்று மேல்சாதிக்காரர்கள் விதித்திருந்த காலத்தில், அப்பாவின் வம்சத்தில் ஒருத்தி துணிந்து போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன ரவிக்கை. சந்தையில் வைத்து அதைக் கிழித்துவிட்டார்கள். அவள் எறியவில்லை. மூத்த மகளுக்கு மூத்த மகள் என்று கைமாறிக் கைமாறி, கடைசியில் அது அப்பாவின் அக்காவிடம் இருந்தது.

அவளை நாங்கள் மாமி என்போம். கட்டிப்போகிற வீட்டுச் சாமியைத்தான் பெண்ணும் கும்பிடுவாள் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமி போனது இந்து வீட்டுக்கு. நெற்றியில் குங்குமம் இட்டு, குப்பாயத்தையும் பூஜை அலமாரியில் பட்டுத்துணி சுற்றி வைத்திருந்தாள். காட்சியகத்துக்கு அதைக் கேட்டுப் போன அப்பாவோடு பல நாள் பேச்சே இல்லை.

“எலே, வேதத்துல சேந்து சர்ச்சுக்குப் போனவங்களுக்கு மட்டுமாலே அவ பூட்டி? எனக்கு இல்லியா?” என்று கேட்டாளாம். பிறகு எப்படியோ மனசிளகிக் கொடுத்தாள். ஆனால் ஒரு கண்டிப்பு. “ஒரு நூலு மாறப்பிடாது. மாறினா எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்ல ஆக்கும்.”

திறப்புவிழாவுக்கு முந்தின நாள் குப்பாயம் எங்கள் வீட்டில் இருந்தது. காற்றாடப் போட்டு எடுத்து வைக்கும்படி அப்பா சொல்லியிருந்தார். அன்று சனிக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் என்றால், மறுநாள் ஆராதனைக்குப் போடுகிற துணிகளை எடுத்து, பொத்தான் விட்டது, தையல் விட்டது எல்லாவற்றையும் அம்மா சரிபார்ப்பாள். கிழிசலோடு சர்ச்சுக்குப் போவதை விட வீட்டில் கிடக்கலாம் என்பது அவள் கட்சி. என் பாவாடையை முடித்ததும் குப்பாயத்தை எடுத்து மடியில் விரித்து, வெகுநேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஊசியை என்னிடம் நீட்டினாள். நான்தான் நூல் கோத்துக் கொடுத்தேன்.

அடேயப்பா, அது என்ன தையல்! முடித்தபோது கிழிந்த இடமே தெரியவில்லை. அம்மாவை ஊரே மெச்சப்போகிறது என்று நினைத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.

மறுநாள் காட்சியகத்தில் அப்பா பொதியைப் பிரித்தார். முகம் வெளிறிப்போயிற்று. கண்ணாடிப் பெட்டியில் ‘சந்தையில் கிழிக்கப்பட்ட குப்பாயம்’ என்று தமிழிலும் மலையாளத்திலும் அட்டை எழுதி ஏற்கெனவே வைத்தாயிற்று.

“எட்டி, என்ன காரியம் செய்து வச்சிருக்க? அக்கா இப்பம் பஸ் எறங்கி வருவாளே!” அப்பா அம்மாவிடம் கேட்டார், சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

காட்சியகக் கமிட்டித் தலைவர் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். அவர் ஒரு பிளேடை எடுத்து நீட்டினார். “கிழிசல் இல்லேன்னா இது வெறும் பழந்துணியாக்கும். தையலப் பிரிச்சிரும்மா, ரெண்டு நிமிச வேல.”

அம்மா பிளேடை வாங்கினாள். முதல் தையலில் வைத்தாள், எடுத்துவிட்டாள்.

“நாலுபேரு வந்து பாக்குத இடம் சார். அந்தப் பூட்டி கிழிஞ்சதோட நிக்கப்பிடாது. எனக்க கையால இன்னொருக்க கிழிக்கச் சொல்லாதீங்க.”

“அப்பம் கொண்டா, நான் பிரிக்கேன்” என்று அப்பா கையை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை. குப்பாயத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வெளியே பந்தலில் மைக் டெஸ்ட் செய்தார்கள். திறந்துவைக்க வரும் விருந்தாளியின் கார் நெய்யாற்றின்கரை தாண்டிவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். நான் ஜன்னலில் நின்று, ஆண்டவரே, மாமியின் பஸ் வழியில் பஞ்சராகட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். சண்டை வந்தால் ஓணத்துக்கு மாமி வீட்டுப் பாயசம் போச்சே!

பஸ் பஞ்சராகவில்லை. மாமி நேரே உள்ளே வந்து, அம்மாவின் கையிலிருந்ததை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தையலின் மேல் விரலால் தடவினாள்.

“ஆரு தச்சது?”

“நான்தான் மைனி.”

நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். மாமி ஏசவில்லை. அவள் கண் நிறைந்து வழிந்தது.

“இத்தன வருசம் எனக்க அலமாரியில இருந்துது. மஞ்ச தொட்டு வச்சேன், வெளக்கு கொளுத்தினேன். ஒரு ஊசி எடுக்கத் தோணல்லியே பிள்ளே எனக்கு.”

“அதுக்கில்ல, அட்டையில எழுதி...” என்று ஹெட்மாஸ்டர் இழுத்தார்.

“சாரே, அந்த நூல ஆராவது தொட்டா, இத எடுத்துக்கிட்டு அடுத்த பஸ்சுக்குப் போயிருவேன் ஆக்கும்.”

அப்படியே பெட்டிக்குள் வைத்தார்கள். விழா நடந்தது. சபைப் பெண்களும் மாமி வீட்டுப் பக்கத்துப் பெண்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். அட்டையைப் படித்தார்கள், கண்ணாடியில் முகத்தை ஒட்டி உற்றுப் பார்த்தார்கள், பிறகு சேலை முந்தானையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். எல்லாரும் தையலைத்தான் தேடுகிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை. “எங்க அம்மா தச்சதாக்கும், நான் நூல் கோத்தேன்” என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒருத்திகூட மெச்சவில்லை. ஒருத்தி என் தலையைத் தடவிவிட்டு அழுதாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

கிழிசல் துணியில் எந்த இடத்தில் இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் நான். அதைப் போட்டிருந்தவளின் உடம்பில் அது எந்த இடம் என்றுதான் அன்றைக்கு எனக்கு நினைக்கத் தெரியவில்லை.