கூட்டத்தின் நடுவே வந்த செய்தி

மணவிலக்குக்குப் பிறகு மலேசியாவில் பத்து பகாட் என்ற ஊரில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தேன். சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை. கணினித் திரையின் மூலையில் அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கும். மின்னஞ்சல், கூட்டம், மழை எச்சரிக்கை. எதையும் நான் நிறுத்தி வைத்ததில்லை. சில நாள்களில் வீட்டுக்குள் கேட்கும் ஒரே சத்தம் அந்தச் சின்ன 'டிங்' தான்.

ஒரு காலை, இணையவழிக் கூட்டத்தில் என் திரையை எல்லோருக்கும் காட்டி மாதக் கணக்கை விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது லாபிஸ் ஊரில் இருக்கும் அக்காவிடமிருந்து திரையின் மூலையில் செய்தி வந்தது. அக்கா தமிழ்ப்பள்ளியில் படித்தவள், எப்போதும் தமிழிலேயே எழுதுவாள்.

"அவருக்கு நேத்து மறுபடி கல்யாணம் ஆயிடுச்சும்மா. வேற யாரும் சொல்றதுக்கு முன்னால நானே சொல்லிடுறேன்."

அதை மூடப் போனேன். அவசரத்தில் பெருக்கல் குறியை விட்டுவிட்டுச் செய்தியின் மேலேயே அழுத்திவிட்டேன். எங்கள் உரையாடல் திரை முழுக்க விரிந்தது. சீன மேலாளர் அதை மூடிவிட்டுத் தொடரும்படி பொறுமையாகச் சொன்னார். அவருக்கு அது புரியாத எழுத்து. மூடினேன். எண்களைக் கடைசிவரை வாசித்தேன். என் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

கூட்டம் முடிந்ததும் ஜொகூர் பாரு கிளையில் வேலை செய்யும் தமிழ்ப் பெண் கைப்பேசியில் அழைத்தாள். வேலையைத் தவிர நாங்கள் எதுவும் பேசிக்கொண்டதில்லை.

"அக்கா, நான் படிச்சிட்டேன். சாரி லா. கண்ணு தானா போயிடுச்சு."

"பரவால்லம்மா."

"நோட்டிபிகேஷன ஆஃப் பண்ணத் தெரியுமாக்கா? செட்டிங்ஸ திறங்க, நான் சொல்றேன்."

அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அணைத்தேன்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஆச்சும்மா" என்றேன். காலையிலிருந்து காப்பி மட்டும்தான் குடித்திருந்தேன்.

"எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்கக்கா."

அன்று மதியம் திரையில் எதுவும் வரவில்லை. பழக்கத்தில் கண் மட்டும் மூலைக்குப் போய்த் திரும்பியது. சனிக்கிழமை பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போனேன். அவரைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணை நான் அழைக்கவே இல்லை. கூட்டங்களில் என் முகம் தெரிந்ததும் அவள் லேசாகத் தலையசைப்பாள். நானும் அசைப்பேன்.