பெல்ட்டைப் பிடித்த கை

இது நடந்தது. நடுராத்திரியில் இல்லை, சுடுகாட்டில் இல்லை. கான்சாஸில், பட்டப்பகலில், நாலாயிரம் பேர் உட்கார்ந்து பார்த்த கால்பந்து மைதானத்தில் நடந்தது. காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை. முட்டை மாதிரிப் பந்தை அணைத்துக்கொண்டு ஆளை ஆள் முட்டித் தள்ளுகிற எங்கள் ஊர் ஆட்டம். நாலாயிரம் பேரில் ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை. எல்லாரும் பார்த்தது தலைமைப் பயிற்சியாளரை. அது வந்து பிடித்ததோ அவருடைய எடுபிடியை. எடுபிடியை யார் பார்ப்பார்கள்?

என் பெயர் ஆர்லோ. ஹேல்மான் கல்லூரி மைதானத்தில் இருபத்தாறு வருஷம் புல் வெட்டினேன், சுண்ணாம்புக் கோடு போட்டேன், கக்கூஸ் அடைப்பும் எடுத்தேன். அந்த வருஷங்களில் ஐந்து தலைமைப் பயிற்சியாளர்களைப் பார்த்தேன். உதவிப் பயிற்சியாளர்கள் எத்தனை பேர் என்று ஞாபகமே இல்லை. தலைவர் சிரித்தால் சிரிப்பார்கள். அவர் துப்பினால், "நல்லாத் துப்புனீங்க கோச்" என்பார்கள். அவரைத் துரத்தினால் கூண்டோடு போவார்கள். கதவில் ஒட்டிய பெயரை நான்தான் சுரண்டுவேன். பசை காய்வதற்குள் சுரண்டிய பெயர்களும் உண்டு.

இவர்களுக்குள்ளேயே கடைசிப் படி ஒன்று இருக்கிறது. பெல்ட் பிடிக்கிறவன்.

சிரிக்க வேண்டாம், நிஜமான வேலை. ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர் ஓரத்து வெள்ளைக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நடுவர் மஞ்சள் கொடியை வீசுவார், அணி பதினைந்து கஜம் பின்னால் போகும். ஆனால் கோபம் வந்தால் இந்தப் பெரிய மனுஷர்களுக்குக் கோடு தெரியாது. அதனால் பின்னால் ஒருத்தன் நிற்பான். தலைவரின் இடுப்பு பெல்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அவர் பாயும்போதெல்லாம் இழுப்பான். கல்லூரிப் படிப்பு முடித்தவன், கல்யாணமானவன், மாட்டுக்கு மூக்கணாங்கயிறு பிடிக்கிற மாதிரி நிற்பான்.

1998-இல் அந்த வேலை டென்னி கோலாரிக்குக்கு. வயது நாற்பத்தொன்று. பதினைந்து வருஷத்தில் ஒன்பது கல்லூரி மாறியவன். அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பெல்ட்டு" என்பார்கள். தலைமைப் பயிற்சியாளர் டங்கெல் பாய்ந்த பாய்ச்சலில் அவன் வலது கைச் சுண்டுவிரல் இரண்டு முறை ஒடிந்திருந்தது. அது மடங்காது. கொக்கி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

கல்லூரியில் ஆட்டம் தொடங்கி அது நூறாவது வருஷம். தலைமைப் பயிற்சியாளர்களுக்கு ஏற்கெனவே படம் உண்டு, ஹாவர்காம்ப் என்பவருக்கு வாசலில் வெண்கலச் சிலையே உண்டு. பழைய மாணவர்கள் சிலர் நச்சரித்ததால், உதவிப் பயிற்சியாளர்கள் அத்தனை பேருக்கும் ஒரு பலகை மாட்ட முடிவு செய்தார்கள். எங்கே? கக்கூஸுக்குப் போகிற நடைபாதையில்.

நவம்பர் 13, வெள்ளிக்கிழமை. சாயங்காலம் 4:40. நானும் டென்னியும் பலகையை மாட்டினோம். நூற்று நாற்பத்தொரு பள்ளம், ஆளுக்கு ஒரு பித்தளைத் தகடு. நான் விரல் வைத்துத்தான் படிப்பேன், அதனால் ஒன்றையும் தாண்ட மாட்டேன். 1961-க்கு நேரே ஒரு பள்ளம் காலியாக இருந்தது.

"ஒண்ணு குறையுதே, டென்னி."

"லீலண்ட் ப்ரூட்டுன்னு ஒருத்தன். பட்டியல் போட்டதே நான்தான். அவன் பேர அடிச்சிடச் சொன்னாங்க. அடிச்சிட்டேன்."

"ஏன்?"

"ஹாவர்காம்புக்கு பெல்ட் பிடிச்சவன். அறுபத்தொண்ணுல கைய விட்டுட்டானாம். கிழவரு கோட்டத் தாண்டிட்டாரு, ஒருத்தன் வந்து மேல விழுந்து அவரு கால் ரெண்டு துண்டு. ஆட்டமும் போச்சு."

"அதுக்காக அவன் இங்க வேலையே பாக்கலன்னு ஆயிடுமா?"

அவன் திருப்புளியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஜோலினுக்கு ஜனவரியில குழந்தை. வேலை இருந்தாத்தான் மருத்துவக் காப்பீடு. செத்தவனுக்காக நான் வாயத் திறக்கணுமா? நீங்க திறங்களேன்."

நானும் திறக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மணி 5:05. எதிர்ச் சுவரில் ஹாவர்காம்பின் படங்கள் ஆறு. எல்லாவற்றிலும் வாய் பிளந்து கத்திக்கொண்டிருந்தார். தினமும் துடைக்கிற படங்கள்தான். அன்றைக்குத்தான் கவனித்தேன். அவர் இடுப்புக்குப் பின்னால், ஆறு படத்திலும், ஒரு கை. மணிக்கட்டோடு சரி. ஆளை வெட்டிவிட்டு மாட்டியிருந்தார்கள். கையை வெட்டினால் தலைவரின் இடுப்பும் போய்விடுமே, அதனால் விட்டிருந்தார்கள்.

5:12. நான் ஏணியில் நின்று மேல் திருகை முடுக்கிக்கொண்டிருந்தேன்.

என் பெல்ட்டை யாரோ பின்னால் இழுத்தார்கள்.

மெதுவாகத்தான். ஒருமுறை.

"விளையாடாத, டென்னி."

"என்னது?"

குரல் நடைபாதையின் அந்தக் கோடியிலிருந்து வந்தது. அவன் பெருக்கிக்கொண்டிருந்தான்.

குனிந்து பார்த்தேன். ஏணிக்குக் கீழே யாருமில்லை. இடுப்பில் மட்டும், தோலுக்கும் சட்டைக்கும் நடுவே, ஐஸ் வைத்த மாதிரி ஒரு சில்லிப்பு…

இறங்கிவிட்டேன். மேல் திருகு இன்றைக்கும் தளர்வாகத்தான் இருக்கிறது.

மறுநாள் சனிக்கிழமை. ஆட்டம் 1:30-க்கு. ஊரே பீன்ஸ் குழம்பும் லவங்கப்பட்டை ரொட்டியும் தின்றுவிட்டு வந்து உட்கார்ந்தது. பலகைத் திறப்பு விழாவில் பேசியவர் உதவிப் பயிற்சியாளர்களை "நம் முதுகெலும்பு" என்றார். பேசிவிட்டு நேரே கக்கூஸுக்குப் போனார்.

ஆட்டத்துக்கு முன் டங்கெல் எல்லார் எதிரிலும் டென்னியின் மார்பில் விரலால் குத்தினார்.

"டேய் பெல்ட்டு. இன்னிக்கு ஒரே ஒரு கொடி விழட்டும். திங்கக்கிழமை நீ இங்க இல்ல. புரியுதா?"

"புரியுது கோச்."

"என்ன புரியுது?"

"நான் இங்க இல்ல, கோச்."

மற்ற உதவிப் பயிற்சியாளர்கள் சிரித்தார்கள். நான்தான் சொன்னேனே, இந்த ரகம் இப்படித்தான்.

மூன்றரை மணி நேர ஆட்டம். டென்னி நாய் மாதிரி உழைத்தான். டங்கெல் பாய்ந்தார், இழுத்தான். மறுபடி பாய்ந்தார், இழுத்தான். கையில் தோல் உரிந்தது. விடவில்லை. கடைசிக் கால் பகுதியில் நாங்கள் மூன்று புள்ளி முன்னால் இருந்தோம்.

ஆட்டக் கடிகாரத்தில் மிச்சம் நாலு நிமிஷம், பதினொரு நொடி.

நான் டென்னிக்குப் பின்னால் பதினெட்டு கஜம் தள்ளி, சுண்ணாம்பு வாளியோடு நின்றேன். எனக்கும் அவனுக்கும் நடுவில் வெறும் புல். ஒரு ஆளில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பையன் பந்தை நழுவவிட்டான். டங்கெல் கத்திக்கொண்டு பாய்ந்தார். டென்னி குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தான்.

அப்போது பார்த்தேன்.

டென்னியின் பெல்ட் முதுகுப் பக்கம் எழும்பியது. ஒரு சாண் தூரம். கூடாரத் துணியைக் கம்பு தூக்கின மாதிரி, கூர்மையாக… அப்படியே நின்றது.

பின்னால் யாருமில்லை.

அவன் குதிகால் இரண்டும் புல்லைக் கீறிக்கொண்டு பின்னால் வந்தன. சரக்… சரக்…

ஒரே வெட்டி இழுப்பு.

டென்னியின் விரல்கள் நழுவின.

டங்கெல் கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தார். இருநூற்று நாற்பது ராத்தல் பையன் ஒருவன் அவர் முழங்கால் மேல் ஓடினான்.

டக்.

நான் நின்ற இடம் வரைக்கும் கேட்டது.

மஞ்சள் கொடி.

ஆட்டம் போனது. வேன் வந்து டங்கெலை எடுத்துப் போனது. ஐந்தரைக்கு நான் வாளி கழுவிக்கொண்டிருந்தபோது டென்னி வந்தான். உதடு வெள்ளையாக இருந்தது.

"எதுக்கு என்ன இழுத்தீங்க, ஆர்லோ?"

"நான் பதினெட்டு கஜம் தள்ளி நின்னேன்."

"அப்ப வேற யாரு?"

அவன் பெல்ட்டை உருவி என்னிடம் நீட்டினான். தடித்த மாட்டுத் தோல். முதுகுப் பக்கம் நாலு பள்ளம் பதிந்திருந்தது. என் விரல்களை வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தின.

உடனே கையை எடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை 8:15. கதவில் அவன் பெயரைச் சுரண்டினேன். 8:40-க்குப் பலகையிலிருந்தும் அவன் தகட்டைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். டங்கெல் எட்டு வாரத்தில் கைத்தடியோடு திரும்பி வந்தார், வேலை பத்திரமாக இருந்தது. டென்னி மனைவியை ஏற்றிக்கொண்டு நெப்ராஸ்காவுக்குப் போனான். அங்கே தீவனக் கிடங்கில் மூட்டை அடுக்குகிறான் என்று கேள்விப்பட்டேன். குழந்தை பெண்.

டிசம்பரில் அலுவலகத்து வெர்னா பழைய காகிதப் பெட்டி ஒன்றைக் குப்பையில் போடச் சொன்னாள். மேலாக ஒரு கடிதம் கிடந்தது. 1961, டிசம்பர் 2. கீழே லீலண்ட் ப்ரூட் என்று கையெழுத்து. கொதிகலன் அறையில் உட்கார்ந்து, விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

'நான் பெல்ட்டை விடவில்லை. யாரோ பின்னாலிருந்து என்னை இழுத்தார்கள். திரும்பினேன், யாருமில்லை. எனக்கு முன்னால் இந்த வேலை பார்த்தவரிடம் கேட்டேன். அவரையும் இப்படித்தான் துரத்தினார்களாம். அவரையும் யாரோ இழுத்தார்களாம். ஐயா, தயவுசெய்து விசாரியுங்கள்.'

ஓரத்தில் வேறு மசியில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'பதில் வேண்டாம்.'

வெர்னாவிடம் கேட்டேன். "இந்த ப்ரூட் என்ன ஆனான்?"

"மறு வருஷம் கோடையில செத்துட்டான்னு சொல்லுவாங்க. பூ கூட யாரும் அனுப்பல. உதவி கோச்சுங்களுக்கெல்லாம் அனுப்ப ஆரம்பிச்சா முடியுமா, ஆர்லோ?"

அடுத்த ஆட்டக் காலம் வந்தது. 1999. பெல்ட் பிடிக்கப் புது ஆள் வந்தான். நன்றாகச் சிரித்தான், டங்கெல் சிரிக்கும்போதெல்லாம். முதல் ஆட்டத்துப் படம் ஒன்றைப் பெரிதாக்கி நடைபாதையில் மாட்டச் சொன்னார்கள். டங்கெல் வாய் பிளந்து கத்துகிறார். பின்னால் புது ஆள் அவர் பெல்ட்டைப் பிடித்திருக்கிறான்.

புது ஆளின் இடுப்புக்குப் பின்னால் இன்னொரு கை இருந்தது.

மணிக்கட்டோடு சரி. படம் அங்கே முடிகிறது.

துணியால் துடைத்தேன். அழுக்கு இல்லை.

கிட்டே போனேன். நாலு விரல் பெல்ட்டைப் பிடித்திருக்கவில்லை. மூன்றுதான்.

சுண்டுவிரல் மடங்கவில்லை. கொக்கி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு…

அன்று மதியம் 12:20-க்கு வெர்னாவின் மேஜையிலிருந்து நெப்ராஸ்காவுக்குத் தொலைபேசி போட்டேன். ஜோலின்தான் எடுத்தாள். பின்னால் குழந்தை அழுதது.

"ஆர்லோ பேசறேன். மைதானத்து ஆர்லோ. டென்னி இருக்கானா?"

அவள் குழந்தையைத் தட்டிக்கொடுப்பது கேட்டது.

"உங்களுக்கு யாரும் சொல்லலையா? கல்லூரிக்கு எழுதிப் போட்டேனே."

"சொல்லல."

"ராத்திரி நெஞ்சு வலின்னாரு. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். காப்பீடு இல்லியே, விடிஞ்சதும் பாத்துக்கலாம்னாரு. விடியல." குழந்தையை என்னவோ சொல்லிச் சமாதானப்படுத்தினாள். "ஆகஸ்ட் இருபத்தொண்ணு."

போனை வைத்துவிட்டு நடைபாதைக்குப் போனேன். படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் திருப்பினேன். பின்னால் பென்சிலால் படம் எடுத்த தேதி போட்டிருந்தது.

செப்டம்பர் 4.

நான் இப்போது பெல்ட் கட்டுவதில்லை. கால்சட்டைக்குத் தோள்பட்டை வார்தான். அதே படத்தைத்தான் கல்லூரி அடுத்த வருஷ நாட்காட்டிக்கு அட்டையாகப் போட்டது. நாலாயிரம் பிரதி. ஊரில் வீட்டுக்கு வீடு, அடுப்படியில், பன்னிரண்டு மாதம் தொங்கியது.

ஒருத்தர் கூட அந்தக் கை யாருடையது என்று கேட்கவில்லை.