நின்று எடுத்த அளவு

டிப்போவில் அவளை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் ஊதினால் அடுத்த நிறுத்தத்தில் நிற்பவர்கூட டீயை மடமடவென்று குடித்துவிட்டுத் தயாராவார் என்பது டிரைவர்கள் கட்டிவிட்ட கதை. பாதியாவது உண்மையாக இருக்கும். நகரப் பேருந்தில் கண்டக்டர். அந்த வேலையில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. நெரிசலில் ஊரே கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது இவள் மட்டும் எதையும் பிடிக்காமல், இடுப்பை ஒரு சீட்டின் முதுகில் சாய்த்து, இரண்டு கையாலும் டிக்கெட் கிழிப்பாள். ஒருமுறை அவளைச் சோதிக்க டிரைவர் வேண்டுமென்றே பிரேக் போட்டுப் பார்த்தார். விழுந்தது பயணிகள்தான்.

இப்படிப்பட்டவளின் காலில்தான் டீசல் பீப்பாய் ஏறியது. டிப்போ முற்றத்தில் யாரோ கட்டை வைக்காமல் விட்டுப்போன பீப்பாய். உருண்டு வந்து வலது பாதத்தின் மேல் ஏறி இறங்கி, ஒன்றும் தெரியாதது போலச் சுவரோரம் போய் நின்றுகொண்டது. எலும்பு கூடியது, ஆனால் அதன் இஷ்டத்துக்குக் கூடியது. மாவுக்கட்டைப் பிரித்தபோது பாதம் நீளத்தில் குறைந்து, அகலத்தில் பரந்து, சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"நடக்கலாம்மா. கடை ஷூ மட்டும் போட முடியாது" என்றார் டாக்டர்.

அங்கேதான் சிக்கல். பேருந்தில் வேலைக்கு ஏறுகிறவர்கள் கறுப்பு நிறத்தில், மூடிய, நாடா கட்டுகிற ஷூ போட வேண்டும் என்பது விதி. செருப்போடு படியில் காலை வைக்க விடமாட்டார்கள். டிப்போ மேலாளர் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் நன்றாகத் திட்டித் தீர்த்திருக்கலாம்.

"ஷூ போட்டுக்கிட்டு ஒரு ட்ரிப் நின்னு காட்டுங்க, வண்டிக்கு அனுப்புறேன்" என்றார். "முடியலையா, தவறிய பொருள் ரூம் காலியா இருக்கு. உக்காந்த வேலை. சம்பளத்துல ஒரு குறையும் வராது."

தவறிய பொருள் அறையை அவள் அறிவாள். பயணிகள் பேருந்தில் விட்டுப்போன குடைகளும் டிபன் டப்பாக்களும் ஒற்றைக் கையுறைகளும் அலமாரியில் தூசி தின்றுகொண்டிருக்கும். ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்துச் சுவரைப் பார்த்தது. அந்த அறையில் தன்னையும் ஒரு பொருளாக வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள் என்று அவள் பயந்தாள். வெளியே சொல்லவில்லை. ஆனால் நிஜமாகவே பயந்தாள்.

அவளுடைய அக்காவுக்கு இது விளங்கவே இல்லை. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே முழங்கால் தேய்ந்தவள் அக்கா. "உக்காந்து சம்பளம் வாங்குறது வரம்டி. நான் தவம் கிடந்தாலும் எனக்குக் கிடைக்காது. அதைப் போய் வேணாங்குறியே."

"உனக்கு வேணும்னா நீ போய் உக்காரு."

"நீ பிடிச்ச முயலுக்கு எப்பவும் மூணு காலுதான்" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஷூ கடைகளை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு வேறொன்று என்று கேட்டால் கடைக்காரர்கள் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள், காலைப் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் அக்கறையாக, "நல்ல பஞ்சு வச்சு, காலைக் கொஞ்சம் அமுக்கிப் போட்டுப் பழகுங்கம்மா" என்றார். செருப்புக்காகக் காலை வெட்டச் சொல்லும் ஜாதி இது. அன்று வீட்டுக்கு வந்தவள், விபத்துக்கு முன் போட்டிருந்த பழைய ஷூவைச் சமையலறைத் தரையில் வைத்து, கத்தியால் ஒவ்வொரு தையலாக அறுத்துப் பிரித்தாள். மேல்தோல், உள்தோல், அடியில் ஒட்டியிருந்த தக்கை, சோல், ஹீல் எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பிவைத்து வெகுநேரம் பார்த்தாள். இவ்வளவுதானா என்று தோன்றியது. இவ்வளவுதான் என்று நினைப்பவர்கள்தானே எதையும் ஆரம்பிக்கிறார்கள்.

அவள் கணவர் வீடுகளின் உட்கூரைக்குப் பிளாஸ்டர் வேலை செய்பவர். விளக்கைச் சுற்றிப் பூ வைப்பது, ஓரத்தில் கொடி ஓட்டுவது எல்லாம் அவர் கைப்பழக்கம். கால் அச்சு எடுக்க வேண்டும் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை மாதமாக மனைவிக்குத் தன்னால் எதுவும் செய்ய முடியவில்லையே என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்த மனிதர்.

அவளை நல்ல நாற்காலியில் உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, கால்களை நோகாமல் ஒவ்வொன்றாக மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பாதத்துக்குப் பிளாஸ்டிக் பை சுற்றி, அதன் மேல் பிளாஸ்டரில் நனைத்த துணிப் பட்டிகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டினார். இறுகியதும் கீறிக் கழற்றி, உள்ளே பிளாஸ்டர் ஊற்றி நிரப்பினார். மறுநாள் மேசை மேல் அவளுடைய இரண்டு பாதங்களும் வெள்ளையாக உட்கார்ந்திருந்தன. கோணல்கூட அப்படியே இருந்தது.

தோலுக்கு யாரோ தெருவில் போட்ட பழைய கறுப்புச் சோபாவை உரித்தாள். சோலுக்கு டயர் கடையிலிருந்து பட்டை வாங்கி வந்தாள். நனைத்த தோலை அச்சின் மேல் போர்த்திக் குறட்டால் இழுத்து இழுத்து ஆணியடித்தாள். குத்தூசியால் துளையிட்டு, மெழுகு தடவிய நூலை இரண்டு பக்கமிருந்தும் கோத்து இறுக்கினாள். விரலில் குத்தாத இடமில்லை. ரப்பர் பசையின் நாற்றம் வீட்டைத் தூக்கியது. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டே போனாள். கணுக்கால் வரை உயரமான ஷூ என்பதால் கடைசியில் அச்சை உள்ளேயே உடைத்துத்தான் வெளியே எடுக்க முடிந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தாள். தோல் போலப் பொருந்தியது. கணவர் அதுவரை அடக்கிவைத்திருந்த மூச்சையெல்லாம் விட்டார். மறுநாள் காலையே மேலாளரைப் பார்க்க ஓடினாள். அவசரக்குடுக்கை. எழுந்து ஒரு தெரு நடந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சோதித்துப் பார்க்க மேலாளரும் ஏறிய பேருந்து கிளம்பியதுமே ஷூ கடிக்கத் தொடங்கியது. சந்தை நிறுத்தம் தாண்டியதும் வலது கால் நெருப்பில் நிற்பது போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பாதி தூரம் வந்தாள். பிறகு மேலாளர் பார்த்துக்கொண்டிருக்க, கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருடத்தில் வண்டி ஓடும்போது அவள் உட்கார்ந்தது அன்றுதான். டிப்போவுக்குத் திரும்பியதும் மேலாளர் தவறிய பொருள் அறையின் சாவியைக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. ஷூவைக் கையில் எடுத்து உள்ளே விரலை விட்டுத் துழாவினாள். ஓரத் தையல் முழுக்கப் பிதுங்கியிருந்தது. ஈரக்காலோடு தரையில் நின்று, தடத்தைச் சுற்றிக் கரிக்கோடு போட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து அதே தடத்தில் காலை வைத்தாள். கோட்டுக்கும் காலுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் இடைவெளி.

"என்னங்க, இங்க வாங்க. என்னை உக்காரவச்சா அளவெடுத்தீங்க?"

"கால் நோகுமேன்னு..."

"உக்காந்த காலுக்குத் தச்சா உக்காரத்தான் ஆகும். நான் என்ன உக்கார்ற ஆளா?"

அவர் முகம் தொங்கிப்போனது. பாவம், அன்பு மிஞ்சி அளவு குறைந்துவிட்டது. அவள் சிரித்துவிட்டாள்.

அடுத்த நாள் தவறிய பொருள் அறைக்குப் போனதும் முதல் வேலையாக நாற்காலியைத் தூக்கி வெளியே வராந்தாவில் போட்டாள். நாள் முழுவதும் நின்றாள். மாலையில் பாதம் வீங்கியிருக்கையில், அந்த வீக்கத்தோடேயே வீட்டுக்கு வந்து பலகையின் மேல் ஏறினாள். குதிகாலுக்கு அடியில் ஹீல் உயரத்துக்கு ஒரு கட்டை. முழு பாரத்தையும் கால்களில் போட்டு, முழங்காலைப் பேருந்தில் மடிப்பது போலக் கொஞ்சம் மடித்து நின்றாள்.

"சுத்துங்க."

"வலிக்குமேம்மா."

"வலிக்கட்டும். வலிக்கிற காலுக்குத்தான் ஷூ."

பிளாஸ்டர் இறுகும்வரை அவர் தரையில் உட்கார்ந்து அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் சுவரைக்கூடத் தொடவில்லை.

புது ஜோடி அழகாக இல்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இடதும் வலதும் வேறு வேறு வீட்டில் பிறந்தவை போலிருந்தன. இந்தத் தடவை தெருத்தெருவாக நடந்து பார்த்தாள். பிறகு அதைப் போட்டுக்கொண்டு அந்த அறையில் நின்றாள். காலையிலும் நின்றாள், மாலையிலும் நின்றாள். தொலைத்த குடையைத் தேடி வந்தவர்கள், நாற்காலி ஏன் வெளியே கிடக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். டிப்போ முழுக்கப் பேச்சானது. கடைசியில் வராந்தாவில் அந்த நாற்காலியில் கால் தடுக்கிய கணக்குப் பிரிவுக்காரர் புகார் சொல்ல, மேலாளரே வந்தார்.

"ஏம்மா, சேரை ஏன் வெளியில போட்டீங்க?"

"இந்த ரூம்ல எனக்கு வேண்டாதது அது ஒண்ணுதான் சார்."

"கால் வலிக்கலையா?"

"வலிக்குது. நசுங்குறதுக்கு முன்னாடியும் வலிச்சுது. நின்னு வேலை பாக்குற எல்லாருக்கும் வலிக்கும் சார். அத்தனை பேரையும் இங்க கொண்டாந்து உக்காரவச்சிருவீங்களா?"

அவர் குனிந்து ஷூவைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "இது எந்தக் கம்பெனி?"

"எங்க வீட்டுக் கம்பெனி."

"கறுப்பு, மூடினது, நாடா" என்று தனக்குள் முணுமுணுத்தார். "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்னு விதியில போடல." பிறகு நிமிர்ந்து, "நாளைக்குக் காலைல வாங்க. இதுதான் கடைசி" என்றார்.

காலை நெரிசல். மேலாளர் முதலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடம் கிடைத்ததும் நைசாக உட்கார்ந்தார். அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"பாஸ் காட்டுங்க சார்."

"என்னைத் தெரியாதா?"

"நல்லாவே தெரியும். பாஸ்."

எடுத்துக் காட்டினார். பாதி வழியில் வலது கால் விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. வலிதான், கடி இல்லை. அவளுக்கு வித்தியாசம் தெரியும். கண்டக்டர் சீட் காலியாகத்தான் இருந்தது. மூட்டையோடு ஏறிய ஒரு பெண்ணை அதில் உட்காரவைத்தாள். இனி ஆசைப்பட்டாலும் இடமில்லை.

கடைசி நிறுத்தம் வந்தது. கூட்டம் இறங்கியது. மேலாளர் எழுந்து படிக்கு வந்தார். முகத்தில் நிஜமான சந்தோஷம்.

"பாத்தாச்சும்மா. போதும். டிப்போ ஜீப் வருது, வாங்க போயிடலாம். இன்னைக்குக் காலுக்கு ரெஸ்ட் குடுங்க, நாளையிலேருந்து டூட்டி பாத்துக்கலாம்."

வெளியே இதே வண்டியில் திரும்பிப் போக வரிசை வாசல் வரை நெருக்கிக்கொண்டு நின்றது. அவர் படியை அடைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தார்.

"சார், படியில நிக்காதீங்க" என்றாள் அவள். "ஏறுறவங்களுக்கு வழி விடுங்க."

அவர் இறங்கினார்.