சரியாக வந்த வண்டிக்கு ஒரு தாமதச் சீட்டு

மூக்குக் கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துக் கடைகளுக்கு அனுப்பும் கூடமொன்றில் அவர் பதினாறு ஆண்டுகளாக அளவு சரிபார்த்து வந்தார். பவர் ஒரு மயிரிழை பிசகினாலும் வில்லையைத் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தத் தொழிலை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை; இயந்திரத்தோடு வந்த கையேட்டைப் படித்தே கற்றுக்கொண்டார். அந்தக் கையேடும், அதைச் சுற்றி வந்த உறையும், உறையைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதும் இன்றும் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. இப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் கூடத்தில் எல்லோரும் ‘லேட்டு’ என்று கூப்பிட்டார்கள்.

அதற்குக் காரணம் அவரல்ல, இரண்டு கடிகாரங்கள். புறநகர் ரயிலில் வந்து, சந்திப்பு நிலையத்தில் இறங்கி, மேம்பாலம் ஏறிக் கடந்து, மறுபக்கம் இலகு ரயிலைப் பிடிக்க வேண்டும். இலகு ரயில் என்பது பலகையில் எழுதியிருந்த பெயர். சனங்களுக்கு அது டிராம். ரயில் எட்டு பதினாலுக்கு வரும், டிராம் எட்டு பதினாறுக்குக் கிளம்பும் என்று அட்டவணை சொன்னது. கூரை ஒன்று, நிர்வாகம் இரண்டு. ரயில் பக்கத்துக் கடிகாரம் டிராம் பக்கத்துக் கடிகாரத்தைவிட இரண்டு நிமிடம் பின்தங்கியிருந்தது. ஆகவே ரயில் தன் கணக்கில் சரியாக வந்து நின்ற அதே நொடியில், டிராம் தன் கணக்கில் சரியாகக் கிளம்பியது. நேரந்தவறாமைக்காக இரண்டு நிர்வாகமும் வாங்கிய கேடயங்கள் அந்தந்தப் பக்கத்துக் கண்ணாடிப் பேழையில் பளபளத்தன.

நல்லவேளையாக, டிராம் பக்கத்துக் கேடயம் பாதி பொய். டிராம் பெரும்பாலும் மூன்று நான்கு நிமிடம் தாமதித்தே கிளம்பும். அவரும் ஓடிப்போய் ஏறிக்கொள்வார். அவர்கள் ஒழுங்காக வண்டி விட்ட நாட்களில் மட்டுமே அவர் கூடத்துக்கு எட்டு நிமிடம் பிந்திப் போனார். அந்த ஆண்டில் அவர்கள் பதினோரு நாள் ஒழுங்காக இருந்துவிட்டார்கள்.

பன்னிரண்டாவது தாமதம் விழுந்தால் மாலை ஷிப்டுக்கு மாற்றுவது கூடத்தின் விதி. மாலை ஷிப்டு இரவு பத்து மணி வரை. அவர் மனைவி மருத்துவமனையில் இரவுப் பணித் தாதி. எட்டு மணிக்கெல்லாம் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நான்கு வயது மகளை யாரிடம் விடுவது? இருவரில் ஒருவர் வேலையை விட வேண்டியதுதான். முந்தின வண்டியில் போனால் என்ன என்று ஊரே அவருக்கு யோசனை சொன்னது. அந்த வண்டி ஏழு இருபத்தைந்துக்கு. மனைவி பணி முடிந்து வீட்டுக்குள் கால் வைப்பது ஏழரைக்கு.

தாமதச் சீட்டு என்று ஒன்று உண்டு. வண்டி பிந்தி வந்தால் ரயில் நிலையத்தில் முத்திரை குத்தித் தருவார்கள். அதைக் காட்டினால் கூடத்தில் தாமதம் ஏறாது. கேட்கப்போன முதல் நாளே கவுண்டரில் இருந்த பெண் சிரித்துவிட்டாள்.

“வண்டி சரியாத்தானே அண்ணே வந்துச்சு? சரியா வந்ததுக்கு லேட்டு சீட்டு குடுத்தா என் வேலை போயிடும்.”

“வண்டி சரியா வந்ததாலதாம்மா நான் லேட்டு.”

“இதை வெளியில சொல்லிடாதீங்க. ஒரு மாதிரியா பார்ப்பாங்க.”

அவர் வெளியில் சொல்லவில்லை, எழுதினார். பதினேழு கடிதங்கள். ரயில்காரர்கள் டிராம்காரர்களைக் கேட்கச் சொன்னார்கள். டிராம்காரர்கள் ரயில்காரர்களைக் கேட்கச் சொன்னார்கள். மேம்பாலத்தின் நடுவில் நின்றால் இரண்டு கடிகாரமும் ஒரே படத்தில் விழும். ஐம்பத்துமூன்று நாள் படம் எடுத்து, தேதி எழுதி, அலமாரியில் ஒரு பிரதி வைத்துக்கொண்டு அனுப்பினார். பதினெட்டாவதாக அவருக்கே ஒரு கடிதம் வந்தது. இரு தரப்பு அதிகாரிகளும் வியாழக்கிழமை காலை எட்டு பதினாலுக்கு மேம்பாலத்தில் கூட்டாக ஆய்வு செய்வார்கள். புகார்தாரரும் வர வேண்டும்.

மேற்பார்வையாளர் விடுப்புத் தரவில்லை. “அரை நாள் லீவா? நிமிஷத்துக்குத்தானே சண்டை போடுறீங்க, நிமிஷத்துல முடிச்சிட்டு வாங்க.”

புதன் இரவு மனைவிக்கு விடுமுறை. “நாளைக்கு நான் வீட்ல இருக்கேன், முந்தின வண்டியிலயே போங்க,” என்றாள். “கையெழுத்து வாங்குறேன்னு அங்கேயே நின்னுடாதீங்க. பன்னெண்டு ஆச்சுன்னா உங்க ஃபைலா பிள்ளையைப் பார்த்துக்கும்?”

வாழ்நாளில் முதல்முறையாக அவர் மேம்பாலத்துக்கு இருபது நிமிடம் முன்னதாக வந்து சேர்ந்தார். டிராம் கடிகாரம் எட்டு பதினாலைக் காட்டியபோது டிராம் அதிகாரி படியேறி வந்தார்.

“எட்டு பதினாலு. நான் வந்தாச்சு. அவங்க ஆளு எங்க?”

“ரெண்டு நிமிஷத்துல வந்துடுவார் சார்.”

“அவங்களுக்கு எப்பவுமே ரெண்டு நிமிஷந்தான்.”

அவர் நீட்டிய வருகைத் தாளில் ‘காலை 8.14, எதிர்த்தரப்பு வரவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, அதிகாரி படியிறங்கினார். கீழே எட்டு பதினாறு டிராம் கதவைத் திறந்து வைத்திருந்தது. அதிகாரியே ஏறப்போவதால் இன்று அது ஒரு நொடியும் தாமதிக்காது.

“நீங்க ஏறலையா?” வாசலில் நின்று அதிகாரி கத்தினார். “வருஷம் பூரா இந்த வண்டிக்குத்தானே அழுதீங்க?”

ஏறினால் பன்னிரண்டு விழாது. மகளின் முகம் ஒரு கணம் வந்து போனது. ஆனால் தாளில் ஒரு கையெழுத்துத்தான் இருந்தது, பாதிச் சாட்சியம். இன்று விட்டால் பன்னிரண்டு என்றைக்காவது விழுந்தே தீரும். கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவு மூடியது. டிராம் போனது. அதே நொடியில் அந்தப் பக்கம் ரயில் வந்து நின்றது.

ரயில் அதிகாரி மூச்சிரைக்க ஏறி வந்து தம் பக்கத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். “எட்டு பதினாலு, டாண்ணு வந்தாச்சு. டிராம்காரர் வரலையா? வர மாட்டாருன்னு எனக்கு முன்னாடியே தெரியும்.” அவரும் ‘காலை 8.14, எதிர்த்தரப்பு வரவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். பேனாவை மூடிக்கொண்டே, “எட்டு நாப்பதுக்கு மேலதிகாரி கூப்பிட்டிருக்கார். அந்த எட்டு பதினாறு டிராம் எந்த மேடையில நிக்கும்?” என்றார்.

“போயிடுச்சு சார்.”

“எப்படிய்யா போகும்? மணி எட்டு பதினாலுதானே!”

இதே கேள்வியை அவர் பதினேழு கடிதங்களில் கேட்டிருந்தார். இவ்வளவு சுருக்கமாகக் கேட்க முடியும் என்று அவருக்குத் தோன்றியதில்லை. டிராம் கடிகாரத்தைக் கை காட்டினார்.

அதிகாரி அதைப் பார்த்தார், தம்முடையதைப் பார்த்தார், தாளில் இருந்த இரண்டு கையெழுத்தையும் பார்த்தார். பிறகு மேலதிகாரியை நினைத்துக்கொண்டார். நேரே கீழே இறங்கிக் கவுண்டருக்குப் போனார். இவரும் பின்னாலேயே போனார்.

“எனக்கு ஒரு லேட்டு சீட்டு போடும்மா.”

“வண்டி சரியாத்தானே சார் வந்துச்சு?” என்றாள் கவுண்டர் பெண்.

“அதான் பிரச்சினை. போடு.”

“காரணம்னு என்ன எழுதுறது?”

“நடந்ததை எழுது.”

“இந்த அண்ணனுக்கும் ஒண்ணு போட்டுடட்டுமா சார்? ஒரு வருஷமா கேக்குறார்.”

அதிகாரி தலையை ஆட்டினார். மறுக்கிற நிலையில் அவர் இல்லை.

எட்டு நாற்பத்தெட்டுக்கு அவர் கூடத்துக்குள் நுழைந்தபோது, மேற்பார்வையாளர் பதிவேட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். “வாங்க லேட்டு சார். பன்னெண்டு.”

அவர் சீட்டை நீட்டினார். மேற்பார்வையாளர் ஒருமுறை மனத்துக்குள் படித்தார். மறுமுறை வாய்விட்டுப் படித்தார். “தாமதத்துக்கான காரணம்: ரயில் சரியான நேரத்துக்கு வந்ததால். என்னய்யா இது?”

“முத்திரை இருக்கு, தேதி இருக்கு, கையெழுத்து இருக்கு சார். விதியில அந்த மூணுதான் கேட்டிருக்கு. விதியோட நகல் வேணும்னா கையிலேயே வச்சிருக்கேன்.”

மேற்பார்வையாளர் விதியைப் படித்தார். காரணம் நியாயமாக இருக்க வேண்டும் என்று அதில் ஓரிடத்திலும் இல்லை. பதிவேட்டை மூடினார். பன்னிரண்டு விழவில்லை.

மறு மாதம் ஆய்வறிக்கை வந்தது. இரு தரப்பு அதிகாரிகளும் குறித்த நேரத்தில் குறித்த இடத்துக்கு வந்ததை அது பாராட்டியது; ஆகவே கடிகாரங்களில் குறை ஏதும் இல்லை என்றது. அவர் அதையும் கோப்பில் சேர்த்தார். வருத்தப்படவில்லை. டிராம் ஒழுங்காகக் கிளம்பிவிடுகிற நாட்களில் இப்போது அவர் ஓடுவதில்லை; அந்த முதல் சீட்டின் நகலை முன்னுதாரணமாக எடுத்துக்கொண்டு நிதானமாகக் கவுண்டருக்குப் போகிறார். அவர் வாய் திறக்குமுன்பே அந்தப் பெண் முத்திரையை எடுத்துவிடுகிறாள்.

“இன்னிக்கும் சரியா வந்துடுச்சா அண்ணே?”

“ஆமாம்மா, என்ன பண்றது.”